இணையத் தொலைபேசிக் குறிகையில் அழைப்பவர் விருப்பம்: காரைக்கால் பகுதியின் மொழிச் சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இணையவழித் தொலைபேசி அழைப்பு எந்தக் கருவிக்குச் செல்ல வேண்டும் என்பதை அழைப்பைப் பெறுபவர் மட்டுமன்றி, அழைப்பவரும் ஓரளவு தீர்மானிக்கலாம். இதற்கான நெறிமுறை 2004ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஆர்எஃப்சி 3841 என்னும் ஆவணமாக வெளியிடப்பட்டது. அழைப்பவர் குறிப்பிடக்கூடிய பண்புகளுள் மொழியும் ஒன்று. தொலைபேசி எண்ணைக் கொண்டு ஆட்சிப்பகுதியையோ மொழியையோ அறிய இயலாத காரைக்கால் பகுதியைச் சான்றாகக் கொண்டு, இவ்விருப்பம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது, எங்கே வலுவிழக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அழைப்பவரின் மொழிவிருப்பம், பெறுநர் தம் மொழித்திறனை முன்கூட்டியே பதிவுசெய்திருக்கும் அளவுக்கே பயன்தரும் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: குறிகை, அழைப்பவர் விருப்பம், பண்புக்குறி, பதிலி வழங்கி, வெளிப்படை, மொழிக்குறி, காரைக்கால்.

முன்னுரை

அறிவியல் தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் கலைச்சொல்லாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. ஒரு தொழில்நுட்ப நெறிமுறைக்குள் மொழி எவ்வாறு கையாளப்படுகிறது, தமிழ் பேசுவோருக்கு அதனால் விளையும் நன்மை தீமைகள் யாவை என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. அரசு உதவி மையத்தையோ மருத்துவமனையையோ தொலைபேசியில் அழைக்கும் ஒருவருக்குத் தம் மொழி அறிந்தவர் மறுமுனையில் கிடைப்பது வசதி மட்டுமன்று. சில வேளைகளில் உயிர்காப்பும் ஆகும். இந்த வாய்ப்பை வலையமைப்பே ஏற்படுத்தித் தருமா என்பது தமிழாய்வுக்கும் உரிய வினாவே.

1. காரைக்கால்: எண்ணும் எல்லையும்

புதுச்சேரி ஒன்றிய ஆட்சிப்பகுதி புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் என்னும் நான்கு பிரிந்த நிலப்பகுதிகளைக் கொண்டது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து 1954 நவம்பர் 1இல் நடைமுறை அளவிலும், 1962 ஆகஸ்டு 16இல் சட்ட அளவிலும் இவை இந்தியாவுடன் இணைந்தன. காவிரிக் கழிமுகக் கடற்கரையில் அமைந்த காரைக்காலின் கிழக்கே வங்கக் கடல். ஏனைய மூன்று பக்கமும் தமிழ்நாடு. தலைநகராகிய புதுச்சேரி வடக்கே ஏறத்தாழ 130 கி.மீ. தொலைவில் உள்ளது. மாகே மலையாளக் கரையிலும் ஏனாம் கோதாவரிக் கழிமுகத்திலும் அமைந்துள்ளன. 1965ஆம் ஆண்டின் புதுச்சேரி அலுவல் மொழிச் சட்டம் தமிழை அலுவல் மொழியாக்கியதோடு, மாகேயில் மலையாளத்துக்கும் ஏனாமில் தெலுங்குக்கும் இடமளித்தது, ஆங்கிலமும் தொடர்கிறது.

இந்த ஆட்சி அமைப்பைத் தொலைபேசி எண்முறை பின்பற்றவில்லை. காரைக்காலின் தொலைதூரக் குறியீடு 04368. இது மயிலாடுதுறையின் 04364, நாகப்பட்டினத்தின் 04365, திருவாரூரின் 04366 ஆகியவற்றோடு ஒரே வரிசையில் நிற்கிறது. தலைநகரின் 0413 உடன் இதற்கு உறவில்லை. கைப்பேசி உரிமப் பகுதிகளிலும் இந்நிலையே காணப்படுகிறது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டு வட்டத்திலும், மாகே கேரள வட்டத்திலும், ஏனாம் ஆந்திர வட்டத்திலும் அடங்கும். கைப்பேசிக் கோபுரத்தின் அலையும் ஆட்சி எல்லையில் நின்றுவிடுவதில்லை.

இவற்றால் ஓர் உண்மை பெறப்படுகிறது. எண் நிலத்தைச் சுட்டுகிறது. ஆட்சியை அது சுட்டுவதில்லை. உரிம வட்டம் நிறுவனத்தின் வணிக எல்லையைச் சுட்டுகிறது; அழைப்பவர் பேச விரும்பும் மொழியை அது சுட்டுவதில்லை. ஆகவே, ஒரே அரசின் நான்கு பகுதிகளுக்கும் பொதுவான உதவி மையம் ஒன்று அமையுமானால், காரைக்காலிலிருந்து வரும் அழைப்பைத் தமிழறிந்த பணியாளரிடம் சேர்க்க எண்ணை மட்டும் நம்ப இயலாது. மொழிவிருப்பம் அழைப்பிலேயே எழுதப்பட வேண்டும்.

இன்றுள்ள வழக்கத்தில் இத்தேவையைக் குரல்வழிப் பட்டியல் நிறைவேற்றுகிறது. அழைப்பு இணைந்தபின், தமிழுக்கு ஓர் எண்ணையும் ஆங்கிலத்துக்கு வேறோர் எண்ணையும் அழுத்துமாறு பதிவுக்குரல் கேட்கிறது. இங்கே மொழித்தேர்வு அழைப்பு வந்து சேர்ந்தபின் நிகழ்கிறது. அழைப்பவர் விருப்ப நெறிமுறையிலோ அழைப்பு புறப்படும்போதே விருப்பமும் உடன் செல்கிறது.

2. குறிகைமுறையின் அமைப்பு

தொலைபேசி உரையாடலில் குரல் வேறு. குரலுக்குமுன் நிகழும் அழைத்தல், மணியடித்தல், ஏற்றல், துண்டித்தல் ஆகிய செய்திப் பரிமாற்றம் வேறு. பின்னதே குறிகை. இணையத் தொலைபேசியில் இதற்குப் பெருவழக்காக உள்ளது சிப் என வழங்கும் அமர்வுத் தொடக்க நெறிமுறை. 1999இல் ஆர்எஃப்சி 2543 ஆக வெளிவந்த இது, 2002 ஜூனில் ஆர்எஃப்சி 3261 ஆகத் திருத்தியமைக்கப்பட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் இந்தியாவில் தொடங்கிய நான்காம் தலைமுறைக் குரல் சேவையும் இந்நெறிமுறையை அடிப்படையாகக் கொண்டதே. இணையத் தொலைபேசியிலிருந்து பொதுத் தொலைபேசி எண்களை அழைப்பதற்கான விதிகள் 2018 ஜூனில் தெளிவாக்கப்பட்டபின், அவ்வாண்டு ஜூலையில் பிஎஸ்என்எல் நிறுவனம் விங்ஸ் என்னும் சேவையை அறிவித்தது.

சிப் முறையில் ஒருவருக்கு அல்லது ஓர் அலுவலகத்துக்கு நிலையான பொது முகவரி ஒன்று உண்டு. அம்முகவரியின்கீழ்க் கைப்பேசி, மேசைத் தொலைபேசி, கணினி எனப் பல கருவிகள் தம்மைப் பதிவுசெய்துகொள்ளலாம். ஒவ்வொரு பதிவும் ஒரு தொடர்பு முகவரி ஆகும். அழைப்புக் கோரிக்கை வந்ததும், அதை இத்தொடர்பு முகவரிகளுள் எதற்கு அனுப்புவது என்று பதிலி வழங்கி முடிவுசெய்கிறது. ஒரே நேரத்தில் பலவற்றுக்கு அனுப்புதல் கிளைத்தல் எனப்படும்.

எந்தக் கருவியை முதலில் அழைப்பது என்பதில் பெறுநருக்கு முன்னுரிமை உண்டு. பதிவின்போதே ஒவ்வொரு தொடர்பு முகவரிக்கும் 0 முதல் 1 வரையிலான ஒரு முன்னுரிமை எண்ணை அவர் அளிக்கலாம். இதற்குப் பெறுநர் மதிப்பு எனப் பெயரிடலாம். கருவியின் இயல்புகளையும் உடன் பதிவுசெய்யலாம்: குரல் வசதி உண்டா, காணொளி உண்டா, இயங்குவது இடம்பெயரும் கருவியா, விடையளிப்பது மனிதரா தானியங்கியா, எந்த மொழி வழங்கும் என்பன அவ்வியல்புகள். இவற்றைக் குறிக்கும் பண்புக்குறிகளை ஆர்எஃப்சி 3840 வரையறுக்கிறது. அதன் இணையாக, அழைப்பவர் பக்கத்தை ஆர்எஃப்சி 3841 வரையறுக்கிறது. ஜோனதன் ரோசன்பெர்க், ஹென்னிங் ஷுல்ஸ்ரின், பால் கைசிவாட் ஆகிய மூவரும் இவ்விரண்டையும் எழுதினர்.

3. விருப்பத்தைக் கூறும் மூன்று தலைப்புகள்

அழைப்பவர் தம் விருப்பத்தை மூவகையில் கூறலாம். கோரிக்கையின் மேற்பகுதியில் இடம்பெறும் மூன்று தலைப்புகள் இதற்கு உதவுகின்றன.

முதலாவது, அக்செப்ட்-கான்டாக்ட் என்னும் ஏற்புத் தலைப்பு. எத்தகைய பண்புடைய கருவியை அடைய வேண்டும் என்பதை இது கூறும். இரண்டாவது, ரிஜெக்ட்-கான்டாக்ட் என்னும் விலக்குத் தலைப்பு. எத்தகைய கருவியை அடையவே கூடாது என்பதை இது கூறும். தானியங்கி விடையளிப்பானைத் தவிர்க்க விரும்புபவர் இதைப் பயன்படுத்தலாம். மூன்றாவது, ரிக்வெஸ்ட்-டிஸ்போசிஷன் என்னும் கையாளுகைத் தலைப்பு. அழைப்பைக் கிளைக்கலாமா கூடாதா, கருவிகளை ஒருங்கே அழைப்பதா ஒன்றன்பின் ஒன்றாக அழைப்பதா, வரிசையில் காத்திருக்கச் செய்யலாமா என்பன போன்ற வழிமுறைகளை இது பதிலி வழங்கிக்குத் தெரிவிக்கும்.

விலக்குத் தலைப்பில் கவனிக்கத்தக்க வரையறை ஒன்று உண்டு. விலக்கப்பட்ட பண்பைப் பற்றி ஒரு கருவி எதுவும் பதிவுசெய்யாதிருந்தால், அக்கருவிமீது விலக்கு செல்லுபடியாகாது. தன்னைத் தானியங்கி என்று அறிவித்துக்கொண்ட தானியங்கியே விலக்கப்படும். அறிவிக்காத தானியங்கி தப்பிவிடும். கூறாமையை நெறிமுறை குற்றமாகக் கொள்வதில்லை.

4. மதிப்பெண் கணக்கு

ஏற்புத் தலைப்பின் செயற்பாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். புதுச்சேரி ஆட்சிப்பகுதி முழுமைக்கும் பொதுவான உதவி மையம் ஒன்று இருப்பதாகவும், அதன் ஒரே முகவரியின்கீழ் ஐந்து தொலைபேசிகள் சமமான பெறுநர் மதிப்புடன் பதிவாகியிருப்பதாகவும் கொள்வோம். அவை வருமாறு:

காரைக்கால் தொலைபேசி: குரல் உண்டு, மொழி தமிழ், ஆங்கிலம்.
மாகே தொலைபேசி: குரல் உண்டு, மொழி மலையாளம், ஆங்கிலம்.
ஏனாம் தொலைபேசி: குரல் உண்டு, மொழி தெலுங்கு, ஆங்கிலம்.
தலைமை அலுவலகத் தொலைபேசி: குரல் உண்டு, மொழி கூறப்படவில்லை.
பழைய மேசைத் தொலைபேசி: எந்தப் பண்பும் கூறப்படவில்லை.

அழைப்பவர் குரல், தமிழ் என்னும் இரு பண்புகளை விரும்புகிறார். பதிலி வழங்கி ஒவ்வொரு கருவியின் பதிவோடும் இவ்விருப்பத்தை ஒப்பிடுகிறது. கேட்ட பண்புகளுள் எத்தனையைக் கருவி அறிவித்துப் பொருந்துகிறதோ அந்த விகிதமே அதன் மதிப்பெண். காரைக்கால் தொலைபேசி இரண்டிலும் பொருந்துவதால் 1 பெறும். தலைமை அலுவலகத் தொலைபேசி மொழியைக் கூறவில்லை. ஆயினும் தமிழை மறுக்கவும் இல்லை. ஆகவே அது முரண்படாமல், இரண்டில் ஒன்று பொருந்தி 0.5 பெறும். மாகே, ஏனாம் தொலைபேசிகள் வேறு மொழிகளை அறிவித்துள்ளதால் முரண்பட்டு 0 பெறும். ஆனால் பட்டியலிலிருந்து நீக்கப்படுவதில்லை. எந்தப் பண்பும் கூறாத பழைய மேசைத் தொலைபேசி இந்த ஒப்பீட்டிலிருந்தே விலக்களிக்கப்பட்டு, இறுதியில் முழு மதிப்பெண்ணாகிய 1 உடன் பட்டியலில் மீண்டும் சேர்க்கப்படும்.

இரண்டு சொற்கள் இக்கணக்கை மாற்ற வல்லவை. ஒன்று கட்டாயம் என்னும் பொருளுடைய ரிக்வயர். மற்றொன்று வெளிப்படை என்னும் பொருளுடைய எக்ஸ்பிளிசிட். கட்டாயம் சேர்ந்தால், முரண்படும் மாகே, ஏனாம் தொலைபேசிகள் நீக்கப்படும்; மொழி கூறாத தலைமை அலுவலகத் தொலைபேசி 0.5 உடன் தொடரும். வெளிப்படை மட்டும் சேர்ந்தால், எதுவும் நீக்கப்படுவதில்லை; ஆனால் மொழி கூறாத தொலைபேசியின் மதிப்பெண் 0 ஆகிவிடும். இரண்டும் சேர்ந்தால், முரண்பட்டவையும் மொழி கூறாததும் ஒருசேர நீக்கப்படும். அப்போதும் பழைய மேசைத் தொலைபேசி முழு மதிப்பெண்ணுடன் எஞ்சியிருக்கும். மிகக் கண்டிப்பான கோரிக்கையும், தன்னைப் பற்றி எதுவுமே கூறாத கருவியைத் தடுக்க வலிமையற்றது. பண்புப்பதிவு முறையைப் பின்பற்றாத பழைய கருவிகள் இதனால் ஒதுக்கப்படாமல் காக்கப்படுகின்றன. ஆனால் மொழியுரிமை நோக்கில் இது பெரும் இடைவெளியாகும்.

மற்றொரு வரம்பும் உண்டு. இறுதி வரிசை முதலில் பெறுநர் மதிப்பைக் கொண்டே அமைக்கப்படுகிறது. பெறுநர் மதிப்பு சமமாக உள்ள கருவிகளுக்கிடையேதான் அழைப்பவர் விருப்ப மதிப்பெண் முன்பின் வகுக்கிறது. அலுவலகம் மாகே தொலைபேசிக்கு 1 என்றும் காரைக்கால் தொலைபேசிக்கு 0.5 என்றும் பெறுநர் மதிப்பு அளித்திருந்தால், கட்டாயம் என்னும் சொல் இல்லாத கோரிக்கையில் முதலில் ஒலிப்பது மாகே தொலைபேசியே. தமிழை விரும்பியவர் மலையாளத்தில் விடை பெறுவார். எல்லாக் கணக்கும் நெறிமுறைப்படி பிழையின்றி நிகழ்ந்தும் பயன் தலைகீழாகும்.

5. வேண்டலும் விதித்தலும்: இலக்கண நோக்கு

இந்நெறிமுறையின் உள்ளீடு ஒரு மொழியியற் சிக்கலே. தமிழ் வியங்கோள் வினை வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் ஆகிய பொருள்களில் வருவது இலக்கணம் கற்றோர் அறிந்ததே. வடிவம் ஒன்றாயினும், விதியா வேண்டுகோளா என்பதைப் பேசுவோர் நிலையும் சூழலும் உணர்த்தும். பதிலி வழங்கிக்கு அத்தகைய சூழலறிவு இல்லை. ஆகவே ஏற்புத் தலைப்பு இயல்பாக வேண்டலாகவும், கட்டாயம் என்னும் சொல் சேரும்போது விதித்தலாகவும் கொள்ளப்படுகிறது. மனித மொழியில் குறிப்பால் உணரப்படுவதற்கு இங்கே தனி உறுப்பு தேவைப்படுகிறது.

அடைமொழி பற்றிய கருத்தும் இங்கே ஒளிதரும். செஞ்ஞாயிறு என்பதிலுள்ள அடை வேறு ஞாயிற்றை விலக்க வந்ததன்று. அது இனமில்லா அடை. செந்தாமரை என்பதிலுள்ள அடையோ வெண்டாமரையை விலக்குகிறது. அது இனமுள்ள அடை. தமிழ் பேசும் பணியாளர் என்னும் தொடரில் உள்ள அடை பிறரை விலக்குமா, விருப்பத்தை மட்டும் உணர்த்துமா என்பதே கட்டாயம் என்னும் சொல்லால் தீர்க்கப்படுகிறது.

எக்ஸ்பிளிசிட் என்பதற்கு வெளிப்படை என்னும் சொல்லே மிகப் பொருத்தமானது. குறிப்பு, வெளிப்படை என்னும் இணை தமிழ் இலக்கண மரபில் நெடுங்காலமாக வழங்கிவருவது. பண்பைத் தன் பதிவிலேயே சொன்ன கருவி வெளிப்படையாகப் பொருந்துகிறது. சொல்லாமல் முரண்படாதிருக்கும் கருவி குறிப்பாகப் பொருந்துகிறது. எக்ஸ்பிளிசிட் சேராத கோரிக்கை குறிப்பையும் ஏற்கும். சேர்ந்த கோரிக்கை வெளிப்படையை மட்டுமே ஏற்கும். வெறும் ஒலிபெயர்ப்போ, தெளிவான என்பது போன்ற பொதுச்சொல்லோ இவ்வேறுபாட்டை உணர்த்தாது.

6. மொழிக்குறியின் சிக்கல்கள்

மொழிப்பண்பின் மதிப்பாக வருவது பன்னாட்டுத் தரப்படியான மொழிக்குறி. தமிழுக்கு உரியது டி, ஏ என்னும் இரு உரோமன் எழுத்துகள். இக்குறியோடு நாட்டுக்குறியையும் இணைத்து இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என வேறுபடுத்தலாம். ஆனால் ஆர்எஃப்சி 3840 மொழிப்பண்பை முழுச்சொல் ஒப்பீட்டுக்கு உரியதாகவே வரையறுக்கிறது. ஒரு கருவி இந்தியத் தமிழ் என்று மட்டும் பதிவுசெய்ய, அழைப்பவர் தமிழ் என்று மட்டும் கேட்டால், இரண்டும் வேறாகவே கொள்ளப்படும். துல்லியமாகக் கூற எண்ணிய பதிவே பொருத்தத்தைக் கெடுத்துவிடும். எனவே பொதுக்குறியைத் தவறாது இடம்பெறச் செய்து, தேவையானால் நாட்டுக்குறி சேர்ந்த வடிவத்தையும் உடன் அளிப்பதே பொருந்தும்.

அலுவலகத் தமிழை மட்டும் அறிந்தவரும் கடற்கரை மக்களின் பேச்சு வழக்கை உணர்ந்தவரும் ஒரே மொழிக்குறியில் அடங்குவர். இரட்டை வழக்குடைய தமிழுக்கு இது குறிப்பிடத்தக்க குறைபாடு. வட்டார வழக்கறிவைக் குறிக்கும் முறையை வகுப்பது பொறியாளர் பணி மட்டுமன்று. கிளைமொழி ஆய்வாளரும் அதில் பங்கேற்க வேண்டும்.

கருவியின் மொழிக்கும் உரையாடலின் மொழிக்கும் உள்ள வேறுபாடும் எண்ணத்தக்கது. அழைப்பவர் விருப்ப முறை அழைப்பு செல்லும் வழியைத் தேர்கிறது. 2018 ஜனவரியில் வெளிவந்த ஆர்எஃப்சி 8373, உரையாடல் எந்த மனித மொழியில் நிகழ வேண்டும் என்பதை இருமுனையும் பேசி உடன்படும் முறையை வகுத்தது. பேசும் மொழியையும் கேட்கும் மொழியையும் தனித்தனியே குறிக்க அது இடமளிக்கிறது. அவசர உதவி அழைப்புகள் அதன் முதன்மையான பயன்களுள் ஒன்று. ஆர்எஃப்சி 3841 யாரிடம் சேர்ப்பது என்னும் வினாவுக்கும், ஆர்எஃப்சி 8373 எம்மொழியில் பேசுவது என்னும் வினாவுக்கும் விடையளிக்கின்றன. இவை ஒன்றையொன்று நிறைவுசெய்வன.

மொழிவிருப்பம் அழைப்பவரைப் பற்றிய தகவலும் ஆகும். கோரிக்கை கடந்துசெல்லும் வழங்கிகள் அதைப் படிக்கலாம். ஆகவே விருப்பத்தைக் கூறுவது உரிமையாக இருத்தல் வேண்டும். கூறாதவருக்குச் சேவை மறுக்கப்படலாகாது.

முடிவுரை

அழைப்பவர் விருப்பம் என்னும் பெயர் அழைப்பவரின் கையில் அதிகாரம் இருப்பதாகத் தோன்றச் செய்கிறது. நெறிமுறையைக் கூர்ந்து நோக்கின், அவ்வதிகாரத்துக்கு மூன்று வரம்புகள் உள்ளமை புலப்படும். கட்டாயம் என்று கூறாதவரை அது வேண்டுகோளே. வேண்டுகோளாக இருக்கும்வரை பெறுநர் அளித்த வரிசை அதனை முந்தும். கட்டாயம் என்று கூறினாலும், பண்பைப் பதிவுசெய்யாத கருவியின்முன் அது செயலற்றுப்போகும்.

ஆதலின், காரைக்கால் போன்று எண்ணும் ஆட்சியெல்லையும் ஒத்திசையாத பகுதிகளில், மொழிவிருப்பம் பயன்தர வேண்டுமானால் முதற்கடமை சேவை வழங்குவோரையே சாரும். பொதுச்சேவைக்கான ஒவ்வொரு தொலைபேசியும் தன் பணியாளரின் மொழியைப் பொதுக்குறியால் வெளிப்படையாகப் பதிவுசெய்தல், பணியாளர் மாறும்போது பதிவையும் மாற்றுதல், பெறுநர் மதிப்பு மொழிவிருப்பத்தை முறியடிக்காதவாறு சமமாக அளித்தல் ஆகியவை அக்கடமையின் கூறுகள். அழைப்பவரின் கருவியிலோ செயலியிலோ மொழியை ஒருமுறை குறித்துவைக்கும் இடம் தமிழிலேயே அமைதல் வேண்டும். 1965ஆம் ஆண்டுச் சட்டம் அலுவலகத்தின் மொழியை எழுத்தில் வரையறுத்தது. அலுவலகத் தொலைபேசியின் மொழியும் அவ்வாறே பதிவில் எழுதப்படும்போதுதான் காரைக்காலிலிருந்து அழைப்பவரின் தமிழ் உரிய செவியைச் சென்றடையும்.